சனிக்கிழமை போகிற மல்லேஸ்வரிக்கு

பட்டு வேணாம் மல்லேசு.
ராயபுரம் ஸ்டேஷன் கூரை இருக்கிற உசரத்துக்கு
நாலு ஏசி பத்தாது.
சூப்பு வர்றதுக்குள்ள
எனக்கு முதுகு ஊறிப்போச்சு.

கூப்பன்ல ‘ஸ்மார்ட் கேஷுவல்’னு போட்டிருக்கும்.
எம் பையன் போன்ல பாத்துச் சொன்னான்:
நல்லாவும் இருக்கணுமாம்,
நல்லா இருக்கணும்னு நெனச்சா மாதிரியும்
தெரியக் கூடாதாம்.
கண்ணாடி முன்னால முக்கா மணி நேரம்
நெனைக்காத மாதிரி நின்னேன்.
உன் மாம்பழக் கலர் சுங்குடி போதும்.

செருப்பு பழசே போட்டுக்கோ.
தரை கறுப்பு வெள்ளைக் கல்லு,
மொகம் தெரியற மாதிரி தேச்சு வச்சிருக்கானுங்க.
எம்.சி. ரோட்டுல வாங்கின புதுச் செருப்போட
மூணு தபா வழுக்கி
ஏசுபாதம் கையைப் புடிச்சேன்.
கல்யாணத்துல கூட அவ்ளோ நேரம் புடிச்சதில்ல.
அதுக்காக வேணா
புதுசே போட்டுக்கோ.

வாசல்ல தலப்பா கட்டிக்கினு ஒருத்தன் கதவு தொறப்பான்.
பேர் சொல்லிக் கூப்டுடாதே.
நம்ம பனைமரத்தொட்டி சுகுமாரு தம்பிதான்.
தெரிஞ்சா மாதிரி காட்டிக்காதக்கான்னு
கண்ணாலயே கெஞ்சுவான்.

மெனு கார்டு பைபிள் கனம்.
இடது பக்கம் மட்டும் படி,
வலது பக்கம் பாத்தா பசி போயிடும்.
கூப்பனுக்கு ஒரு சூப்பு, ஒரு மீனு, ஒரு இனிப்பு.
மீனு வஞ்சிரம்.
தட்டு பெருசு, துண்டு சிறுசு,
ஓரமா பச்சையா எதையோ
பெருக்குமாறால இழுத்தா மாதிரி இழுத்திருப்பான்.
முள்ளே இருக்காது.
முள்ளு இல்லாத மீனு தின்னா
வாய்க்கு வேலையே இல்லடி.
வூட்டுக்கு வந்து ரசஞ்சோறு தின்னுட்டுதான் படுத்தோம்.

அவரு சாப்டவே இல்ல.
தூணையே பாத்துக்கினு இருந்தாரு.
ஏழாவது தூணு, பின்பக்கம், இடுப்பு உசரம்:
மழை வந்த அன்னிக்கு அடிச்ச ரெண்டாவது கோட்டு
ஒரே ஒரு சொட்டு வழிஞ்சு
அப்டியே காஞ்சி நிக்குது.
கான்ட்ராக்டருக்குக் கூட தெரியாதாம்.
கை கழுவப் போறா மாதிரி போயி
வெரலால தொட்டுப் பாத்தேன்.
அரிசி கணக்கா இருந்திச்சு.

நீ மேல பாரு.
உன் வூட்டுக்காரரு சாரத்துல தொங்கி மாட்டின சரவெளக்கு.
கழுத்து நோவற வரைக்கும் பாரு.
எல்லாரும் அதைத்தான் பாக்குறாங்க,
யாரும் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டாங்க.

அப்பால, இத மறந்துட்டேனே.
எட்டே கால் வாக்குல
ஹார்பர் கூட்ஸ் ஒண்ணு போச்சு.
சத்தம் வர்றதுக்கு முன்னாடியே
என் கை போயி
தண்ணி கிளாசைப் புடிச்சிக்கிச்சு.
எதிர்ல பாத்தா அவரு கையும்.
கொருக்குப்பேட்டையில தெனம் புடிக்கிற அதே புடி.
அதுக்கப்புறம்தான்
எல்லா மேஜையிலயும் கிணுகிணுகிணு.
முத்துமாலை போட்ட அம்மா ஒண்ணு
பூகம்பமான்னு எழுந்திரிச்சு நின்னுச்சு.
யாரோ மேஜையில கிளாசு கவுந்து
வெள்ளைத் துணியெல்லாம் ஈரம்.
எங்க மேஜையில
ஒரு சொட்டு சிந்தல.

சனிக்கிழம கூட்டமா இருக்கும்,
ஏழுக்கே போயிடு.
கூப்பனை மட்டும் மடிக்காதே.
மடிச்சா செல்லாதுன்னு
பின்னால பொடி எழுத்துல போட்டிருக்கான்.