வெட்டுகிறவன்

தொண்டைமானாறு அணையில்
இருபது வருசம் கதவு திறந்தவர் மரியநாயகம்.
கணுக்காலில் விரல் அழுத்தினேன்,
குழி அப்படியே நின்றது.

"உப்பைக் குறைச்சாச்சு டொக்டர்.
பிறகும் ஏன் வீங்குது?"

சிறுநீரகக் கலத்தின் சவ்விலும்
சோடியத்துக்கு ஒரு கதவு உண்டு என்றேன்.
திறந்தபடி பிடித்திருப்பது இரும்பல்ல,
கொழுப்பு.
கண்ணுக்கு எட்டாத துணுக்கு.
நொதியம் ஒன்று வந்து அதை வெட்டினால்
கதவு சாத்தும்.
உங்களில் வெட்டு குறைவு போல.

"எங்கட கதவுக்கும் கிறீஸ்தான்.
ஒருக்கா கூடிப்போச்சு.
சோளகத்தில வழுக்கித் திறந்து
தோட்டக் கிணறெல்லாம் சவர்."

கொஞ்சம் யோசித்தார்.
"அப்ப அந்த வெட்டுறவன்
ஏன் வேலைக்கு வரேல்லை?"

தெரியாது.
அமிலோரைட் என்று எழுதினேன்,
கதவிடுக்கில் செருக
ஒரு சிறு ஆப்பு.