மீன் கிடங்கில் புத்தாண்டு

வால்பரைசோவில் டிசம்பர் என்றால் வெயில்.
மாதத்தின் கடைசி இரவில்
துறைமுகம் முழுக்க வாணவேடிக்கை.
அதைப் பார்க்க உலகமே வருகிறது என்பான் என் அண்ணன்.
போன வருஷம் அந்த நேரத்தில்
ஒக்தாவியோ குளியல் தொட்டிக்குள் சுருண்டு
புறங்கையைக் கடித்துக்கொண்டிருந்தான்.
காதுகளைப் பொத்தினேன்,
என் கையையும் கடித்தான்.
இருபது நிமிடம்.
எண்ணிக்கொண்டே இருந்தேன்.

இந்த வருஷம் நோட்டு இருந்தது.

புதன்கிழமை பேச்சுப் பயிற்சி முடியும்வரை
படிக்கட்டில் காத்திருக்கிறோமே, அங்கே கைமாறுவது.
ஹிமேனா தன் கடையிலிருந்து கொண்டுவந்தது.
முதல் நாலு பக்கம் இன்னும் ரொட்டிக் கடன்தான்.
அதற்கப்புறம்:

முடிவெட்ட, சந்தைக்குப் பின்னால் பெலிசாரியோ.
மெஷின் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.
அழுதால் பாதியில் நிறுத்துவார். மீதி மறுநாள்.

காலுறையை உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போடுங்கள்,
தையல் உறுத்தாது.

குன்றேறும் பெட்டிவண்டி, செவ்வாய் காலை ஒன்பது,
ரெமிகியோ இருந்தால்
எத்தனை தடவை ஏறி இறங்கினாலும் ஒரே டிக்கெட்.

அந்தப் பல் டாக்டரிடம் போகவே போகாதீர்கள்
(அடியில் மூன்று கோடு).

ஓரங்களில் வேறு வேறு பேனா:
என் மகளுக்கு ஒத்துவரவில்லை.
எங்களுக்கும்.
இரண்டு நாள் சரியாக இருந்தது, பிறகு இல்லை.
நான் அந்த ஓரங்களைத்தான் முதலில் படிப்பேன்.

எட்டு மாதம் வாங்கினேன், படித்தேன், கொடுத்தேன்.
ஒரு வரி எழுதியதில்லை.
ஆட்டிசம் சான்றிதழ் எந்த ஜன்னலில் தருகிறார்கள் என்பதையே
இதைப் பார்த்துத் தெரிந்துகொண்டவள்
என்னத்தை எழுத?

டிசம்பர் நடுவில், கொட்டை எழுத்தில், நிபால்தோ:
முப்பத்தொன்று இரவு. மீன் கிடங்கு, மூன்றாம் அறை.
பழைய கட்டடம், சுவர் ஒரு முழம் கனம்.
குளிரைக் குறைத்து வைக்கிறேன். கோட்டு வேண்டும்.
கதவு உள்ளிருந்தும் திறக்கும்.

கீழே யாரோ: நாறுமா?
அதற்குக் கீழே அவரே: நாறும்.

ஏழு குடும்பம்.
நடுக்கோடையில் கம்பளிக் கோட்டும் கையுமாக
கூட்டத்தோடு கூட்டமாக மலை இறங்கினோம்.
எர்னாவின் பெண் வாசலிலேயே வாந்தி எடுத்தாள்.
அவர்கள் திரும்பிப் போனார்கள்,
எர்னா தெரு முனையிலிருந்து கைகாட்டினாள்.
நிபால்தோ கதவைத் திறந்து மூடித் திறந்து காட்டினார்,
எங்களுக்காக மூன்று தடவை,
ஹிமேனாவின் இரட்டையருக்காகப் பதினாலு தடவை.

நீலப் பெட்டிகள்மேல் உட்கார்ந்தோம்.
ஆளுக்குப் பன்னிரண்டு திராட்சை, வழக்கப்படி,
பல் கூசும் சில்லிப்பு.
பன்னிரண்டு ஆனதைக் கைக்கடிகாரம்தான் சொன்னது.
சுவரில் உள்ளங்கை வைத்தால்
லேசான அதிர்வு. அவ்வளவுதான்.

இயந்திரம் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது.
ஒக்தாவியோ தலையைச் சாய்த்துக் கேட்டான்.
பிறகு அதே சுருதியில், வாய் மூடியபடி, அவனும்.
நிபால்தோவின் தமாரா, பதினேழு வயது,
என்னிடம் ஒரு சொல் பேசியதில்லை,
அவளும்.

யாரும் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை.
விரல்களை அசைத்து வாழ்த்திக்கொண்டோம்.
ஊர் முழுக்க வானத்தைப் பார்த்து நின்ற நேரத்தில்
மீன் பெட்டியில் குத்தியிருந்த எண்களை
நானும் அவனும் வாசித்துக்கொண்டிருந்தோம்,
நாலு, நாலு, ஒன்பது, பூஜ்யம்,
மறுபடி முதலிலிருந்து.

புதன்கிழமை பேனா இரவல் வாங்கினேன்.
கிடங்கு எங்களுக்குச் சரியாக இருந்தது.
ஒரு கோட்டு போதாது.
திராட்சையைத் தோல் உரித்து வையுங்கள்.
வெளியே வந்தால் தெருவெல்லாம் வெடிப்புகை,
வீடு சேரும்வரை அழுதான்.
அதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.
யாருக்காவது தெரிந்தால்.

பக்கத்துப் படியில் ஒருவர், புதிதாக வந்தவர்,
ஒரு ஜோடிக் குட்டிச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு
நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.
முடிவெட்ட எங்கே கூட்டிப்போகிறீர்கள், என்றார்.

பக்கம் புரட்டாமலே சொன்னேன்.