பதினேழாம் எண்

ஆண் எலிக்குள் வளர்ச்சி ஹார்மோன்
வைகையில் தண்ணீர் திறந்துவிட்ட மாதிரி.
பாய்ந்து வரும், அப்புறம் வெறும் மணல்.
பெண் எலிக்கு
இறுக்கி மூடினாலும் நிற்காத குழாய்ச் சொட்டு.

சரக்கு ஒன்றுதான்.
வாசலில் நிற்கும் ஏற்பி
யார் நீ என்று கேட்பதில்லை,
எப்படி வந்தாய் என்றுதான் கேட்கும்.
அதை வைத்தே கல்லீரல்
சில ஜீன்களைத் திறக்கும், சிலதைப் பூட்டும்.

நாகமலை கறுத்துக் கிடந்த ராத்திரியில்
பதினேழாம் எண் ஆணின் முதுகுத் தோலுக்கடியில்
புளியங்கொட்டை அளவில் ஒரு பம்ப் வைத்துத் தைத்தேன்.
விடாத சொட்டு, பத்து நாள்.

பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே தூக்க மருந்து, ஒரே அளவு.
பெண்கள் முதலில் எழுந்தன. வழக்கம்தான்,
மருந்தைச் சீக்கிரம் கரைக்கும் ஈரல் அவற்றுக்கு.
கூடவே பதினேழும் எழுந்து
மீசையைத் துடைத்துக்கொண்டது.

"கூண்டு மாறிப்போச்சா மேடம்?"
ஒச்சப்பன் காதுத் துளைகளை எண்ணிப் பார்த்தார்.
மாறவில்லை.

போன தையிலிருந்துதான் நான் அவருக்கு மேடம்.
அதுவரைக்கும் சார்.
முதல் வாரம் நாக்கு புரளவில்லை,
'சா' என்று தொடங்கி இருமிவிடுவார்.

என் ரத்தப் பரிசோதனைச் சீட்டிலும்
ஈரலுக்கு இரண்டு அளவுகோல், ஆணுக்கு, பெண்ணுக்கு.
எதில் வட்டம் போட என்று
பெரியாஸ்பத்திரி ஜன்னலில் கேட்டார்கள்.
பின்னால் வரிசை நீண்டது.

நாளைக் காலை பதினேழின் ஈரலை எடுத்து அரைக்க வேண்டும்.
நோட்டில் 'பால்' என்ற கட்டத்தில் முன்பே எழுதியதை
அடிக்கவில்லை.
அடுத்த கட்டத்தில் நேரம் குறித்தேன்:
விழித்தது, நாற்பத்தோராம் நிமிடம்.