ஒண்டரை லீற்றர்

பிரசங்கம் எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்று
பெரியகல்லாற்றுச் சேர்ச்சில்
மூன்று தரம் கொமிற்றி கூடிப் பேசினோம்.

இருபது நிமிடம் தாராளம் என்றார் அதிபர் தங்கவடிவேல்.
பள்ளிக்கூடத்தில் ஒரு பாடமே நாற்பதுதான்,
அதில் பாதி வருகைப் பதிவு.
பத்தே முக்கால் கல்முனை பஸ்ஸை விட்டால்
மகளைப் பார்க்க மறு ஞாயிறுதான் என்றார்
இன்பமலர் அக்கா.
வாலிபர் சங்கத்துக்கு எத்தனை நிமிடமும் சம்மதம்.
அவர்கள் வெளியே வேம்புக்குக் கீழேதான் நிற்பார்கள்.

போதகர் ஐயா ஒன்றும் சொல்லவில்லை.
கண்ணாடியைத் துடைத்தார்.
அடுத்த கிழமை நாற்பத்தேழு நிமிடம்.

மறுகா அந்த வருஷம் வந்தது.
கரண்ட் இல்லை, பெற்றோல் இல்லை.
கூட்டம் கூடாமலே தீர்மானம் நிறைவேறியது:
ஜெனரேற்றருக்கு ஞாயிறொன்றுக்கு முக்கால் போத்தல்.
பாட்டுக்கும் அறிவித்தலுக்கும் காணிக்கைக்கும் போக
மிச்சம் ஐயாவுக்கு.

நான்தான் ஊற்றுகிறவன்.
கிணற்றடியில் அந்தக் கிழட்டு இயந்திரத்தோடு நின்று
அவருடைய நிமிடங்களைப்
புனல் வைத்து அளந்தேன்.
அது இரைகிற இரைச்சலில்
ஒரு சொல்லும் எனக்குக் கேட்காது.
எட்டு மாதம்
ஒரு பிரசங்கமும் கேளாமல்
எல்லாப் பிரசங்கத்தையும் முடித்து வைத்தேன்.

ஒரு ஞாயிறு,
வீட்டை விட்டுப் போன இளைய மகன்
பன்றித் தொட்டியடியில் பசித்திருக்கும்போதே
எண்ணெய் தீர்ந்தது.
அவனைத் தகப்பனிடம் கூட்டிவர நேரமில்லை.
ஐயா கொஞ்சம் வாயசைத்துப் பார்த்தார்,
பிறகு கையை உயர்த்தி ஆசீர்வதித்தார்.
சனம் பஸ்ஸுக்கு ஓடியது.
அடுத்த கிழமை வேறு பகுதி.
அவன் இன்னும் தவிட்டோடுதான் இருக்கிறான்.

ஆவணியில் கட்டாரிலிருந்து
ரொஷாந்தன் வந்தான், பெட்டியில்.
திறக்க வேண்டாம் என்று மேலே ஒட்டியிருந்தது
இரண்டு பாஷையில், இரண்டும் எங்களுடையதல்ல.

அங்கி மாற்றும் அறை வாசலில்
இன்பமலர் அக்கா ஐயாவின் கையைப் பிடித்தார்.
"நீட்டிச் சொல்லுங்க ஐயா.
நீங்க முடிச்சா இவங்க புள்ளயத் தூக்கிருவாங்க."

ஐயா கிறுகி என்னைப் பார்த்தார்.
நான் போத்தலைப் பார்த்தேன்.

களுவாஞ்சிக்குடிச் செட்டில்
இரண்டு இரவு வரிசையில் படுத்து அடித்த பெற்றோல்
என் மோட்டார் சைக்கிளில் இருந்தது.
குழாயை விட்டு உறிஞ்சினேன்.

யன்னலால் தெரிந்தது:
ஐயாவுக்குச் சொல்ல இருந்ததெல்லாம் முடிந்துவிட்டது.
வேதப் புத்தகத்தைத் திறந்து வாசிக்கிறார்,
பக்கம் புரட்டுகிறார், வாசிக்கிறார்.
அதிபர் மணிக்கூட்டுக் கையைச்
சட்டைப் பைக்குள் வைத்திருந்தார்.
வேம்படிப் பொடியன்கள் உள்ளே போய்ச்
சுவரோடு சுவராய் நின்றார்கள்.
பெட்டி விளிம்பில் ஒரே இடத்தை
விரலால் துடைத்துக்கொண்டிருந்தார் அக்கா.
இயந்திரம் இரண்டு தரம் இருமியது.
இரண்டு தரம் ஊற்றினேன்.
வாயெல்லாம் பெற்றோல்.

பிறகு அது நின்றது.
காற்றாடி மட்டும் தன்பாட்டுக்குக் கொஞ்சம் சுற்றியது.
ஐயா நிறுத்தவில்லை.
எட்டு மாதத்தில் முதல் தடவையாக
அவர் குரல் கிணற்றடிக்குக் கேட்டது.

பெயர்கள்.
யார் யாரைப் பெற்றான்
அவன் யாரைப் பெற்றான் என்று
நாங்கள் எல்லாரும் தாண்டிப் போகிற
அந்த நீளப் பட்டியல்.
ஒரு பெயரையும் விடாமல்,
அவசரமில்லாமல்.

சேமக்காலையிலிருந்து
வண்டியை உருட்டிக்கொண்டு வந்தேன்.
பாலத்தடியில் வலை அலசினவன் கேட்டான்,
"இண்டைக்கு ஐயா எவ்வளவு நேரம் பேசின?"
"ஒண்டரை லீற்றர்" என்றேன்.

கரண்ட் ஒழுங்காக வரத் தொடங்கிய மாதம்
கொமிற்றி மறுபடி கூடியது.
இருபது நிமிடம் என்று அதிபர் பிரேரித்தார்.
இன்பமலர் அக்கா வழிமொழிந்தார்.
பஸ் இப்போதும் பத்தே முக்காலுக்குத்தான்.