எதிர்க்கரையில் வெயில்

மூன்று முறை தள்ளிப்போட்டோம்.
முதல்முறை காற்று, மறுமுறை பனி,
மூன்றாம்முறை வானிலைப் படத்தில் மஞ்சள் நிறம்.
நான்காம்முறை படத்தைத் திறக்கவேயில்லை.
ரொட்டி, வெண்ணெய், ஒரு பை காய்ந்த மீன்;
கிளம்பிவிட்டோம்.

ஹால்வெய்க் அக்குரேரியில்
பதினோரு ஆண்டாகப் பேருந்து ஓட்டுபவள்.
பக்கத்து இருக்கையில் உட்காரத் தெரியாது அவளுக்கு.
வளைவுக்கு வளைவு
இல்லாத பிரேக்கை மிதிக்கிறாள்.
எங்கள் காரின் தரைவிரிப்பு
அந்த இடத்தில் மட்டும் தேய்ந்திருக்கிறது.

பெட்ரோல் போட்ட இடத்தில் கேட்டோம்,
மலைப்பாதை எப்படி என்று.
கல்லாவில் இருந்த பெண்
சன்னல் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:
"திறந்திருக்கிறது."
ரசீதைக் கிழித்துத் தந்தபின்,
"இப்போதைக்கு."

ஏற ஏற
ஜூன் மாதம் குறைந்துகொண்டே வந்தது.
உச்சியில் மார்ச்.
சரளைக்கல் காரின் வயிற்றைத் தட்டித் தட்டிப் பார்த்தது.
ஆலங்கட்டி, பிறகு வெயில்,
பிறகு வெயிலோடு சேர்ந்தே ஆலங்கட்டி.
வைப்பரை நிறுத்து என்றாள். போடு என்றாள்.
நிறுத்து.

இறக்கத்தில்
ஃபியோர்டு இருக்கவேண்டிய இடத்தில்
வெள்ளை.
புதிதாய்ச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி,
தொட்டால் கையில் ஒட்டும்போல.

வரைபடம் மட்டும் சொன்னது:
நிலத்துக்குள் புகுந்து புகுந்து
கடல் களைத்துப்போகிற இடம் இது.
நெய்தலுக்கும் குறிஞ்சிக்கும் நடுவே
ஒரு வயல் அகலம்கூட விடாமல்
மலை நேராகத் தண்ணீரில் கால் வைக்கிறது.
கழுகின் ஃபியோர்டு என்று பெயர்.
கழுகு இல்லை, மலை இல்லை, தண்ணீர் இல்லை.
சத்தம் இருந்தது.
எங்கோ ஓர் அருவி
மூடிபோட்ட உலையாய்க் கொதித்துக்கொண்டிருந்தது.

காருக்குள்ளேயே மீனைப் பிய்த்துத் தின்றோம்.
"பார்த்தாயிற்று, போகலாம்" என்றாள்.
"உன் யோசனைதானே" என்றேன்.
"நீ சொன்ன மாதம்தானே" என்றாள்.
கண்ணாடியெல்லாம் எங்கள் மூச்சு.

அப்போதுதான்
நாலு சக்கர மோட்டார் வண்டியில்
வெள்ளைக்குள்ளிருந்து ஒருவர் வந்தார். ஆஸ்கிரிமுர்.
இரண்டு ஆடு குறைகிறது, பார்த்தீர்களா என்றார்.
எங்களுக்கு எங்கள் பானெட்டே தெரியவில்லை என்றோம்.
அவர் இறங்கி, கையுறையைக் கழற்றி,
எல்லாம் அங்கே தெரிவதைப் போலவே
விரல் நீட்டிக் காட்டினார்:
அதோ அருவி, ஏழு படி.
அதற்குக் கீழே என் தம்பியின் வீடு.
விற்றுவிட்டான்.
வாங்கினவர்கள் நீலச் சாயம் அடித்திருக்கிறார்கள், பாருங்கள்.

பார்த்தோம்.

"அழகாகத்தான் இருக்கிறது" என்றாள் ஹால்வெய்க்.
"இல்லை" என்றார் அவர்,
"கண்றாவி."

ஃபியோர்டின் மூலை சுற்றி முப்பது கிலோமீட்டர்.
எதிர்க்கரைக்கு வந்து நிறுத்தியபோது
இங்கே மழை பக்கவாட்டில் அடித்தது.
அங்கே,
நாங்கள் மீன் தின்ற அதே இடத்தில்,
வெயில்.
ஏழு படி அருவி. எண்ணினோம், ஆறுதான் வந்தது.
நீல வீடு. கண்றாவிதான்.
எங்கள் டயர் பதிந்த மண்ணில்
யாரோ ஒரு சிவப்புக் காரை நிறுத்திவிட்டு
எங்கள் பக்கமாகப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்:
மழையை, அதன் மேல் விழுந்த அரை வானவில்லை,
தெரியாமல் உள்ளே மாட்டிக்கொண்ட எங்களை.

"சாவியைக் கொடு" என்றாள்.
"நாம் போய்ச் சேர்வதற்குள் அங்கே மூடிவிடும்."
"மூடட்டும்."

இடம் மாறிக்கொண்டோம், மழையில்,
ஆளுக்கொரு பக்கமாகக் காரைச் சுற்றி ஓடி.
இரண்டாவது வளைவில்
பாதையின் நடுவே
நனைந்த கம்பளி மூட்டையாக ஓர் ஆடு.
ஒன்றுதான்.
ஹால்வெய்க் பிரேக்கை மிதித்தாள்.

இந்தமுறை
கார் நின்றது.