எந்தக் கூறு

தரையில் போட்டுப் பார்.
'தொப்' என்றால் ஈயம்.
'டிங்' என்றால் துத்தநாகம்,
அது நம் சட்டியில் விழக்கூடாது.
நாலு துண்டு தப்பிப் போனாலும் போச்சு,
நாற்பது கிலோவும் ஆறிய கூழாய்த் திரண்டுவிடும்.
முஸ்தாக் பாய் அன்றைக்குச் சாப்பிடமாட்டார்,
எங்களையும் சாப்பிட விடமாட்டார்.

தாராவி, பதின்மூன்றாம் காம்பவுண்ட்.
மேல்மாடியில் எண்ணெய் டின் நசுக்குகிறார்கள்.
அந்த இரைச்சலிலும் எனக்குத் 'தொப்' கேட்கும்.
பிள்ளை அழுவதுதான் கேட்பதில்லை என்பார்
என் வீட்டுக்காரர்.

கார்ச் சக்கரத்து எடைகள் ஒரு கூறு.
இப்போது அதில் பாதி ஏமாற்று,
ஒவ்வொன்றையும் நகத்தால் கீறவேண்டும்.
கேபிள் உறை ஒரு கூறு,
கத்தி வைத்தால் வெண்ணெய்.
எக்ஸ்ரே அறைச் சுவரிலிருந்து உரித்த தகடு
நல்ல சரக்கு.
எத்தனை நெஞ்சுக்கூட்டைப் பார்த்ததோ,
வாய் திறக்காது.
பாட்டரித் தட்டா, தொடாதே,
வாசலோடு திருப்பி அனுப்பு.

பற்றவைக்கும் கம்பி தனி.
அதில் வெள்ளீயம் கலந்திருக்கும்,
விலை எங்கேயோ போகும்.
எங்கள் பேச்சில் வெள்ளீயமும் ஈயம், காரீயமும் ஈயம்.
மணக்க மணக்க ரசம் வைக்கும் சொம்பும் ஈயம்,
காதில் காய்ச்சி ஊற்றுவோம் என்று
எங்கள் ஆட்களிடம் சொன்னதும் ஈயம்.
பிரிக்கிற வேலை எனக்கு.
நடுவில் ஒரு பித்தளை வால்வு மினுக்குகிறது.
இளிக்கட்டும்,
பழமொழி தெரிந்த பித்தளை.

புதன்கிழமை ஒரு சாக்கு வந்தது.
துப்பாக்கி சுடும் மைதானத்து மண்மேட்டைச்
சலித்து ஏலம் விட்டார்களாம்.
கொட்டினேன்.
முகம் நசுங்கியவை,
மழைக்காளான்போல் விரிந்தவை,
செம்புத் தோல் பாதி உரிந்தவை.
தோலுக்குள் ஈரம் நிற்கும்,
அப்படியே போட்டால் சட்டி வெடித்து முகத்தில் அடிக்கும்.
தகரத்தில் பரப்பி இரண்டு நாள் வெயிலில் வைத்தோம்,
வற்றல்போல.
காக்காய்கூட வந்து பார்த்துவிட்டுப் போனது.

எல்லாவற்றிலும் மண் ஒட்டியிருந்தது.
ஒன்றில் மட்டும் நூல்.
நீல நூல், அரை விரல் நீளம்,
ஈயத்தின் மடிப்புக்குள் கடித்துப் பிடித்தபடி.

வியாகுலமேரியிடம் நீட்டினேன்.
கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தாள்.
"பொம்மைக்குச் சட்டை போட்டுச் சுட்டிருப்பாங்க."
"பொம்மைக்கு எதுக்குச் சட்டை?"
"இல்லேன்னா சாக்குத் தையல்."
சாக்குத் தையல் வெள்ளை.
அவளுக்கும் தெரியும்.
குனிந்து
சக்கர எடைகளைக் கீறத் தொடங்கினாள்,
ஏற்கனவே கீறியவற்றை.

தரையில் போட்டுப் பார்த்தேன்.
'தொப்' என்றது,
மற்றதெல்லாம் சொல்வதுபோலவே.

வெள்ளி விடிகாலை சட்டி ஏறியது.
செம்புத் தோல்கள் மேலே மிதந்தன,
அகப்பையால் அள்ளித் தள்ளினோம்.
மாஹிமிலிருந்து ஹிராபாய் பத்து மணிக்கு வந்துவிடுவாள்,
வலைக்குக் குண்டு முந்நூறு.
துப்பாக்கியில் போவதும் குண்டு,
வலையை அடியில் இழுப்பதும் குண்டு.
இதையும் ஒரே சொல்லில் போட்டு வைத்திருக்கிறோம்.

எண்ணிக்கொண்டே வந்தவள்
கடைசியில் நின்றாள்.
முந்நூறாவது அச்சு நிறையவில்லை,
ஒரு பக்கம் மூளி.
உள்ளங்கையில் குலுக்கிப் பார்த்தாள்.
"இது எடை பத்தாது. கொஞ்சம் குறையுது."

எவ்வளவு குறைகிறது என்று எனக்குத் தெரியும்.
குழாயடியில் நின்று
நகக்கண்வரை சோப்புப் போட்டுக்கொண்டிருந்தேன்.
ஜன்னல் மேல் தகர இடுக்கில்
அது இருந்தது, நூலோடு.

"அடுத்த வாரம் சேர்த்துத் தர்றேன்" என்றேன்.