கோட்டுக்கு இந்தப் பக்கம்

விதிப்புத்தகம், பதினேழாம் பக்கம்:
பயிற்சியாளரின் கை
ரோபோவின் மேல் படக் கூடாது.
தரையில் ஒட்டிய மஞ்சள் டேப்புக்கு இந்தப் பக்கம்
நிற்கலாம். கைதட்டலாம்.
வாய் திறக்கக் கூடாது.

லிஃப்ட் கம்பெனியில் பன்னிரண்டு வருடம்
பேனலுக்குள் கைவிட்டுப் பிழைப்பவள் நான்.
எந்த ஒயர் தளர்ந்ததென்று
இருட்டில் தொட்டே சொல்வேன்.
என்னிடம் போய்.

ஜூனில் ஆரம்பித்தோம்,
வடாலாவில், எங்கள் கட்டடத்து பம்ப் ரூமுக்கு வெளியே,
ஸ்கூட்டர்களை நகர்த்திவிட்டு.
பழைய தேர்தல் பேனரைத் திருப்பிப் போட்டு
வெள்ளைப் பக்கத்தில் கறுப்பு டேப் ஒட்டினோம்.
அடியில் ஒருவர் கைகூப்பியபடி
மழைக்காலம் முழுக்கக் குப்புறக் கிடந்தார்.

ஷர்வரி நகம் கடித்தபடி கோட் எழுதுவாள்.
ஜோவிட்டாவுக்குக் கை நடுங்காது.
சானிகாவுக்குப் பசிக்கும்.
இக்லாக்கின் அம்மா துவைக்கிற ஒவ்வொரு பேண்ட்டிலிருந்தும்
ஒரு பல்சக்கரம் விழும்.
ரோபோவுக்குப் பெயர் கட்டிங்:
பேட்டரி எப்போதும் பாதி கிளாஸ்தான்.

கட்டிங் இடதுபக்கம் இழுத்தது.
முதலில் சக்கரத்தைச் சந்தேகித்தேன்.
பிறகு மோட்டாரை.
பிறகு, கொஞ்சம் சத்தமாகவே, ஷர்வரியை.
அவள் இரண்டு நாள் வரவில்லை.

மூன்றாம் நாள் தொட்டி நிரம்பி வழிந்தது.
தண்ணீர் பேனர்மேல் ஏறி
வளைந்து
இடதுபக்கம் போனது,
கட்டிங் போகும் அதே வழியில்.
சாக்கடைக்குத் தோதாகத்
தரையைச் சாய்த்துத்தான் கட்டியிருக்கிறார்கள்.
கொத்தனார் மேல் தப்பில்லை.

நாலு மாடி ஏறினேன்.
கதவைத் திறந்தவளிடம் மன்னிப்புக் கேட்க
என் மராத்தி போதவில்லை.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
மீன்காரியிடம் பேரம் பேசும் மராத்தி.
"மௌஷி, தண்ணியை நானும் ஜன்னல்லேர்ந்து பார்த்தேன்" என்றாள்,
செருப்பைத் தேடியபடி.

வலப்பக்கம் நாலு கூட்டி எழுதினாள்.
கட்டிங் நேராக ஓடியது.
செப்டம்பர், அக்டோபர், தீபாவளி லீவு,
நாலு என்ற எண்ணை நான் மறந்தே போனேன்.

டிசம்பர். பவாயில் பெரிய பள்ளிக்கூடம்.
கழிவறையில்கூட ஏசி.
டேப்புக்கு இந்தப் பக்கம் நின்ற பிறகுதான்
உறைத்தது:
அந்த மேஜையில் சாய்வு இல்லை.
நாலு உள்ளேயே இருக்கிறது.

கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.
ஒன்று மற்றதைப் பிடித்துக்கொண்டது,
தாதர் பாலத்து நெரிசலில்
பிள்ளையின் மணிக்கட்டைப் பிடிப்பதுபோல.

தயாராக இரண்டு நிமிடம்.
இக்லாக் பாக்கெட்டைத் துழாவினான்.
நட்டு, கடலை மிட்டாய்க் காகிதம்,
கடைசியில் ஒரு பேரிங் குண்டு.
அதை மேஜை நடுவில் வைத்துக்
கையை எடுத்தான்.

குண்டு நகரவில்லை.

ஷர்வரியைப் பார்த்தான்.
அவள் நாலை அழித்தாள்.
என் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.
அதை நான் சொல்லித்தரவில்லை,
எங்கே கற்றார்கள் என்றும் தெரியாது.

கட்டிங் நேராகப் போனது.
இரண்டு பெட்டிகளைத் தள்ளியது.
மூன்றாவதைத் தூக்கும்போது
கை பாதியில் நின்றுவிட்டது.
பேட்டரி.
பெயர் வைத்த நேரம்.

முப்பத்துநாலு அணிகளில் பத்தொன்பதாவது.
ஜோவிட்டா அழுதாள்.
சானிகா தன் வடாபாவையும் அவளுடையதையும் தின்றாள்.
நான் கைகளைப் பிரித்தபோது
புறங்கையில் நகம் பதிந்த பிறைகள்.

குர்லாவில் மாறி ஹார்பர் ரயில்.
இக்லாக் குண்டைத் தரையில் விட்டான்.
பிரேக் போடும்போதெல்லாம் ஓடியது,
யாரோ ஒருத்தியின் மீன்கூடையில் முட்டி நின்றது.
பெட்டி முழுக்கக் கால்களைத் தூக்கி வழிவிட்டது.
சூனாபட்டிக்கு முன் வளைவில்
ரயில் சாய்ந்தது.

"நாலு" என்றாள் ஷர்வரி.
"ஆறாவது இருக்கும்" என்றான் அவன்.
எனக்கு ஐந்தென்று பட்டது.
சொல்லவில்லை.